கந்தலுக்குச் சட்டம், கம்பனிக்குச் சுதந்திரம்

அண்மையில் ஆசிரியர் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் நியூயோர்க் நகரைப் புகழ்ந்து பேசினார். நிதிமூலதனத்தின் தலைமைப்பீடம் என்று நாம் ஏசிவரும் அந்த நகரமே தன் வணிகர்களின் புடைவைக் கழிவைக் குப்பையிற் போடவிடாது சட்டம் இயற்றியிருக்கிறது. துண்டுதுணிகளைப் பிரித்தெடுத்து மறுபடியும் பயன்படுத்துகிறது. நாமோ பழைய சுலோகங்களையே உச்சரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருடைய வாதம். மாணவர் மன்றங்கள் வாயிலாகத் துணி சேகரிக்கும் இயக்கமொன்றை இங்கும் தொடங்கவேண்டுமென்று அவர் முடித்தபோது மண்டபத்திற் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. வீட்டுக்கு வந்த பின்னரே அந்தக் கைதட்டல் என்னை உறுத்தத் தொடங்கிற்று.

நண்பர் கூறியவற்றிற் பொய் எதுவுமில்லை. 2016 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த நியூயோர்க் வணிகக் கழிவு விதிகளின்படி, ஒரு வணிக நிலையத்தின் கழிவில் எந்தவொரு மாதத்திலாயினும் 10 வீதத்துக்கு மேற்பட்ட பங்கு புடைவையாக இருந்தால், அதனை வேறாகப் பிரித்து மீட்புக்கு அனுப்புவது கட்டாயம். வெட்டுத்துண்டு, உடுப்பு, இடைவார், பை, சப்பாத்து யாவும் இதில் அடங்கும். ஓராண்டுக்கால எச்சரிக்கையின் பின்னர், 2017 ஆகஸ்டிலிருந்து மீறியோர் தண்டம் செலுத்த நேர்ந்தது. வீடுகளின் பழந்துணிக்கென 2011 இலேயே அடுக்குமாடிகளிற் பெட்டிகள் வைக்கப்பட்டன. அந்நகர மக்கள் ஆண்டுதோறும் எறியும் துணிமணியும் சப்பாத்தும் படுக்கைவிரிப்பும் 200,000 தொன் என்பது நகரத் துப்புரவுத் திணைக்களமே தரும் கணக்கு. கடைகளும் தையற்கூடங்களும் உடுப்புக் கம்பனிகளின் காரியாலயங்களும் கழிப்பது இதற்கு வேறானது.

இந்த அக்கறை வானத்திலிருந்து குதித்ததன்று. ஸ்ரற்றன் தீவிலிருந்த பிரஷ் கில்ஸ் என்னும் மாபெரும் குப்பைமேடு 2001 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் பின்னர் நியூயோர்க் தன் குப்பையைப் புகையிரதத்திலும் பாரவள்ளத்திலும் ஏற்றி வெளியே அனுப்புகிறது. தொன்னுக்கு இவ்வளவென்று காசும் கொடுக்கிறது. குப்பையின் பாரம் குறைந்தாற் செலவு குறையும். இதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் சட்டம் பிறந்த இடம் எதுவென்று தெரிந்தால், அது எங்கே நின்றுவிடும் என்பதும் தெரிந்துவிடும். அது குப்பைத்தொட்டியின் விளிம்பிற் பிறந்தது. அவ்விளிம்புக்கு அப்பால் அதற்குக் கண் தெரிவதில்லை.

அந்தப் 10 வீதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு தையற்காரர் மாதத்தில் 100 றாத்தல் கழிவை வெளியேற்றுகிறார். அதில் 20 றாத்தல் துணி. சட்டம் அவரைப் பிடித்துக்கொள்ளும். மாபெரும் அங்காடியொன்று அதே மாதத்தில் 100 தொன் கழிவை வெளியேற்றுகிறது. அதில் 9 தொன் துணி. சட்டம் அதற்கு வணக்கம் கூறி விலகிக்கொள்ளும். பெட்டியும் காகிதமும் உணவுக்கழிவும் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு அந்த 9 தொன் துணி பத்திரமாக மறைந்திருக்கும். நான் கணித ஆசிரியனல்லன். எனினும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும் இந்தக் கணக்கு ஒரு நகரசபைக்கு விளங்காமற் போயிருக்கும் என்று நம்புவதற்கில்லை. பங்கை அளந்து அளவை மறப்பது, சொத்துள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தண்டம் என்ற பழைய நீதியின் இன்னோர் உருவமேயாகும்.

இனி, பிரித்த துணியை யார் கொண்டுபோவது? 1957 இலிருந்து நியூயோர்க்கில் வணிகக் கழிவை அள்ளுவது நகரின் வேலையன்று. தனியார் லொறிக் கம்பனிகளின் வேலை. ஒரே தெருவுக்கு ஒரே இரவிற் பல கம்பனிகளின் லொறிகள் போட்டியிட்டு ஓடின, தொழிலாளர் மாண்டனர், தெருவில் நடந்துசென்றவர்களும் மாண்டனர். தொழிற்சங்கங்கள் பல்லாண்டு போராடியதன் பேறாக, நகரை 20 வலயங்களாகப் பிரித்து வலயத்துக்கு மூன்று கம்பனிகளுக்கு மேற்படாது அனுமதிக்கும் சட்டம் 2019 இல் நிறைவேறிற்று. முதல் வலயம் முழுமையாக நடைமுறைக்கு வர 2025 ஜனவரி வரை சென்றது. லொறிக்காரனின் இலாபத்திற் கைவைக்கும் சட்டத்துக்கு எத்தனை ஆண்டு வேண்டியிருந்தது என்பதை மனங்கொள்க.

துணியைத் தரம்பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் தரும நிறுவனங்கள் தலையில் ஏற்றிக்கொண்டுள்ளன. நகரத் துப்புரவுத் திணைக்களத்தில் முன்னர் பணிபுரிந்த ஒரு பெண்மணி 2016 இல் தொடங்கிய 'பாப்ஸ்கிறாப்' என்னும் நிறுவனம் அவற்றுட் குறிப்பிடத்தக்கது. புறூக்லினில், ஒருகாலத்தில் இராணுவத்தின் பண்டகசாலையாக விளங்கிய கட்டடத்தில் அது இயங்குகிறது. உடுப்புக் கம்பனிகளின் வடிவமைப்புக் கூடங்களிலிருந்து மாதிரித் துண்டுகளும் எஞ்சிய சுருள்களும் மூடை மூடையாக அங்கே வருகின்றன. ஒவ்வொரு மாதிரித் துண்டிலும் ஒட்டியிருக்கும் அட்டையைக் கிழிக்கவேண்டும், கம்பியைப் பிடுங்கவேண்டும், நூலின் இனமறிந்து கூடையில் இடவேண்டும். இதனைச் செய்வோரிற் பெரும்பாகத்தினர் தொண்டர்கள். மூன்று மணித்தியாலம் தரம்பிரித்தால் ஐந்து றாத்தல் துணியை இலவசமாக எடுத்துச் செல்லலாம். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அந்த நிறுவனத்தையும் குறைகூறவில்லை. ஆயினும் தமது மாதிரித்துண்டின் கம்பியைத் தாமே பிடுங்குவதற்குக்கூட ஆள் வைக்காத கம்பனிகளுக்காக, வேலை தேடும் மாணவர்கள் துணிக்கு உழைக்கிறார்கள் என்பதைச் சோஷலிசம் என்று எவரேனும் வருணித்தால், சொல்லுக்குப் பொருள் அற்றுப்போகும்.

இன்னொன்றை மட்டும் பொறாமையோடு குறிப்பிடுவேன். 1978 இல் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிச்சாலைக்கு மருந்து வைக்க ஒரு குளிரூட்டும் பெட்டி தேவைப்பட்டது. நகரக் கலாசாரத் திணைக்களத்திற் பணியாற்றிய ஒரு கலைஞர் வானொலி மூலம் கேட்டார். பெட்டிகள் வந்து குவிந்தன. அதிலிருந்து முளைத்த நகர நிறுவனமொன்று இன்றும் வணிகரிடம் மிஞ்சும் துணி, பொத்தான், நாடா, காகிதம் முதலியவற்றைச் சேர்த்து அரசாங்கப் பாடசாலை ஆசிரியருக்குக் காசின்றி வழங்குகிறது. கைப்பணிப் பாடத்துக்குத் தன் சம்பளத்தில் நூற்கட்டை வாங்கிய எந்த ஆசிரியரும் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடாதிருக்கமாட்டார். நல்லதை நல்லதென்று சொல்வதால் நமது கொள்கை தேய்ந்துவிடாது.

நமது நண்பர் இந்த முயற்சிகளையெல்லாம் புதுமை என்று கருதுகிறார். அங்கேதான் அவர் வழுக்கி விழுகிறார். அந்த நகரில் வணிகப் புடைவைக் கழிவு மீட்கப்படுவது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய தொழில். அதன் வரலாற்றில் ஒரு நாள் உண்டு. அந்த நாளை அறியாதவர் இந்தப் பொருளைப் பற்றிப் பேசுதல் தகாது.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. வாஷிங்ரன் சதுக்கத்துக்கு அருகே பத்துமாடிக் கட்டடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கியது ட்றயாங்கிள் சட்டைக் கம்பனி. பெண்கள் அணியும் மெல்லிய மேற்சட்டை அங்கே தைக்கப்பட்டது. எட்டாம் மாடியில் வெட்டுமேசைகள். மேசைகளின் கீழே பெட்டிகள். வெட்டும்போது விழும் துண்டுகள் அப்பெட்டிகளிற் சேரும். அவை குப்பையல்ல, காசு. கந்தல் வியாபாரி காலத்துக்குக் காலம் வந்து விலைகொடுத்து அள்ளிச் செல்வான். அவன் வரும்வரை, விலைபோகும் அளவுக்குத் திரளும்வரை, அவை அங்கேயே கிடக்கும். அன்று கிடந்தது ஏறத்தாழ இரண்டு மாதத்துத் துண்டு. வேலை முடியும் வேளையில், அணையாத ஒரு தீக்குச்சியோ சிகரெட் கட்டையோ அந்தப் பெட்டியில் விழுந்தது என்பதே தீயணைப்பு அதிகாரியின் முடிவு. பஞ்சுத்துணி வெடிமருந்துபோற் பற்றிற்று. ஒன்பதாம் மாடியில் ஒரு வாயிற்கதவு பூட்டியிருந்தது. தொழிலாளப் பெண்கள் வெளியேறும்போது ஒரு முழத் துணியோ ஒரு துண்டு லேசோ கைப்பையில் ஒளித்துச் செல்லாதபடி அவர்களை ஒரே வாயிலால் அனுப்பிச் சோதிப்பது வழக்கம், அதற்கான பூட்டு. 146 பேர் மாண்டனர். பெரும்பாலானோர் குடியேறிய யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். பலர் சாளரங்களிலிருந்து தெருவிற் குதித்து மடிந்தனர்.

உரிமையாளர் இருவரும் அவ்வாண்டு டிசெம்பரிற் குற்றமற்றவரென விடுதலையாயினர். காப்புறுதிக் கம்பனி அவர்களுக்கு நட்டத்துக்கு மேலாகவே பணம் கொடுத்தது. 1914 இல் இறந்தவர் குடும்பங்களுக்குத் தலைக்கு 75 டொலர் என்று வழக்குத் தீர்ந்தது. இடையில், 1913 இல், அவர்களுள் ஒருவர் வேலைநேரத்திற் கதவைப் பூட்டிய அதே குற்றத்துக்காக மீண்டும் பிடிபட்டு 20 டொலர் தண்டம் செலுத்தினார்.

கழிவை மீட்பது எந்தக் காலத்திலும் முதலாளிக்குக் கசந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தீக்கிரையான பெட்டி, நமது நண்பரின் அளவுகோலின்படி, சாலச் சிறந்த மீட்புப் பெட்டி. ஒரு துண்டும் வீணாகவில்லை. அப்பெட்டியைச் சுற்றி நின்ற மனிதரே வீணாயினர். அந்தத் தீயின் பின்னர் வந்த தொழிற்சாலைச் சட்டங்கள், கழிவைத் தீப்பிடியாத கொள்கலங்களில் இடவேண்டுமென்றும் கதவுகளைப் பூட்டலாகாதென்றும் விதித்தன. அவை நகரசபையின் தயாளத்தால் வந்தவையல்ல. 1909 இல் இருபதினாயிரம் சட்டைத் தொழிலாளப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தமும், தீயின் பின் மழையில் நடந்த மாபெரும் இரங்கல் ஊர்வலமும் அவற்றைப் பறித்தெடுத்தன. அந்தச் சட்டங்கள் குப்பைத்தொட்டியில் நிற்கவில்லை, தொழிற்சாலைக்குள் நுழைந்தன. இன்றைய சட்டத்துக்கும் அன்றைய சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

துணியை மனிதரிடமிருந்து காப்பாற்றும் அந்தப் பூட்டு இன்று வேறு வடிவம் பெற்றுள்ளது. 2010 ஜனவரியில், கடும்பனிக்காலத்தில், அதே நகரின் 34 ஆம் வீதியிலிருந்த பெயர்பெற்ற உடுப்புக் கடையொன்றின் பின்புறம் மூடை மூடையாகப் புத்தாடை கிடந்ததை 'நியூயோர்க் ரைம்ஸ்' வெளியிட்டது. விற்பனையாகாத மேலங்கிகள் கத்தியாற் கீறப்பட்டிருந்தன. கையுறைகளின் விரல்கள் வெட்டப்பட்டிருந்தன. குளிரில் நடுங்குபவன் எடுத்து அணிந்துவிடக் கூடாது என்பதற்காக! ஊர் சிரித்தபின் கம்பனி, இனி அவ்வாறு நடவாதென்று உறுதிகூறிற்று. நான் கேட்பது வேறு. இந்தச் செயல் வணிகக் கழிவு விதிக்கு முரணானதா? கீறிய மேலங்கியை வேறாகப் பிரித்து மீட்பு மூடையில் இட்டால் விதி திருப்தியடைந்துவிடும். வெட்டுவதை அது தடுக்கவில்லை. வெட்டியதைச் சரியான பையில் இடச்சொல்கிறது.

வெட்டுவோருக்கு அரசு பரிசும் கொடுக்கிறது என்றால் நம்புவீர்களா? ஐக்கிய அமெரிக்காவின் சுங்கச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. இறக்குமதி செய்து பயன்படுத்தாத பண்டத்தை, ஐந்தாண்டுக்குள், சுங்கத்தாரின் மேற்பார்வையில் அழித்துவிட்டால், செலுத்திய தீர்வையில் 99 வீதத்தை மீளப்பெறலாம். ஏழைக்குக் கொடுத்தால் அல்ல, அழித்தால். 2025 ஏப்ரலில் வாஷிங்ரன் இலங்கைப் பண்டங்களுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்தபோது, நமது ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் வேலை போய்விடுமோ என அஞ்சினர். அவர்கள் தைத்த உடுப்பு அங்கே ஒருவர் உடலிலும் ஏறாமல் அழிவதற்கு அதே அரசின் சட்டப்புத்தகத்திற் சலுகை எழுதப்பட்டிருந்தது.

சரி, மீட்ட துணி என்னவாகிறது? இங்கிலாந்தின் பற்லி நகரில் 1813 இல் பழங்கம்பளியைக் கிழித்து நூலாக்கும் தொழில் பிறந்தது. மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் இதனை ஆராய்ந்துள்ளார். 1862 இன் முடிவில் இங்கிலாந்தின் கம்பளித் தொழில் நுகர்ந்த கம்பளியில் மூன்றிலொரு பங்கு அவ்வாறு மீட்கப்பட்டது என்கிறார். முதற்தொகுதியிலோ, அந்தக் கந்தலைத் தரம்பிரித்த பெண்களை அம்மை நோய் முதலிற் பலிகொண்டதை எழுதுகிறார். அவர் காட்டும் காரணம் மிக எளியது: மூலப்பொருளின் விலை ஏறும்போதே கழிவு பெறுமதி பெறும். இன்று நிலை தலைகீழ். உலகம் 2000 ஆம் ஆண்டில் உற்பத்தி செய்த இழை ஏறத்தாழ 58 மில்லியன் தொன். 2023 இல் 124 மில்லியன் தொன். அதிற் பாதிக்கு மேற்பட்டது பெற்றோலியத்திலிருந்து பிறக்கும் பொலியெஸ்ரர். புதிய இழை இவ்வளவு மலிவாகக் கொட்டும்போது பழைய இழையை யார் சீந்துவார்? பழைய உடுப்பிலிருந்து மீண்டும் உடுப்பாவது ஒரு வீதத்துக்கும் குறைவு என எலன் மக்ஆதர் மன்றம் 2017 இற் கணித்தது. ஏனையது மெத்தைக்குள் அடைபஞ்சாகும், துடைதுணியாகும், அல்லது கடல் கடந்து, பானிப்பற்றில் இந்தியப் பெண்கள் தூசு நடுவிலிருந்து பொத்தானும் சிப்பும் அறுக்க, மலிவுக் கம்பளமாகும்.

நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. 'பாப்ஸ்கிறாப்' போன்ற இடங்களிற் கிழித்துப் பஞ்சாக்க முடியாதென ஒதுக்கப்படும் துணி எது? ஸ்பான்டெக்ஸ் கலந்த இழுபடு துணி. இலங்கை ஆடைத்தொழில் எதற்குப் பெயர்பெற்றது? பெண்களின் உள்ளாடைக்கும் விளையாட்டு உடைக்கும். அதாவது அதே இழுபடு துணிக்கு. அதனைத் தெரிந்தவர் தையற் பெண்ணல்லர். எந்தத் துணி, எந்த நூல், எத்தனை இலட்சம் என்பதையெல்லாம் நியூயோர்க்கின் ஏழாம் அவெனியூவிலும் அதுபோன்ற வீதிகளிலும் உள்ள காரியாலயங்கள் தீர்மானிக்கின்றன. மீட்க முடியாத பண்டத்தை ஒரு கையால் வரைந்து, மறுகையால் மாதிரித் துண்டை மீட்புப் பையில் இடும் அற்புதத்தையே நமது நண்பர் முன்னேற்றம் என்கிறார்.

பையில் இடப்படுவது எவ்வளவு? உடுப்புக்கென எடுத்த துணியில் ஏறத்தாழ 15 வீதம் வெட்டுமேசையிலேயே கழிகிறது என்பது துறைசார்ந்தோர் வழமையாகக் கூறும் கணக்கு. ட்றயாங்கிள் காலத்தில் அந்த வெட்டுமேசை நியூயோர்க்கில் இருந்தது. இன்று அது கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் டாக்காவிலும் இருக்கிறது. 1978 இற் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த நாளிலிருந்து நாம் உடுப்பை ஏற்றுமதி செய்கிறோம், வெட்டுத்துண்டை வைத்துக்கொள்கிறோம். சில கால்மிதியாகின்றன, சில புத்தளத்துச் சீமெந்து உலைக்கு எரிபொருளாகின்றன. பழுதென்று தள்ளியவை அட்டை வெட்டப்பட்டுப் புறக்கோட்டை நடைபாதைக்கு வருகின்றன. அவ்வுடுப்பை வாங்கி அணியாத ஆசிரியர் நம்மில் யார்? பூட்டிய கதவும் கடல் கடந்துவிட்டது. 2012 நவம்பரில் டாக்காவுக்கருகே தஸ்ரீன் தொழிற்சாலை எரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும், வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. நியூயோர்க் தன் தொட்டியில் அளப்பது விருந்து முடிந்தபின் மேசையில் எஞ்சிய பருக்கைகளை மட்டுமே. அடுப்படி வேறு தேசங்களில் இருக்கிறது. அங்கே சிந்தியது அதன் கணக்கில் வராது.

"ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட ஏதோவொன்று செய்வது மேலல்லவா?" என்று நண்பர் கேட்பார். நமது தோழர்கள் சிலரோ, இதெல்லாம் மத்தியதரவர்க்கத்தின் பொழுதுபோக்கு, சமுதாயம் மாறும்போது தானாகத் தீரும் என்று கையை உதறுவார்கள். இரு சாராருக்கும் என் மறுமொழி ஒன்றே: 1911 ஐப் பாருங்கள். அன்று போராடியோர் சமுதாய மாற்றம் வரும்வரை கதவு பூட்டியிருக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. கந்தற் பெட்டிக்கு அழகான மூடி ஒன்று போதும் என்று திருப்தியடையவுமில்லை.

செய்யக்கூடியவை இல்லாமலில்லை. 2020 இற் பிரான்ஸ் இயற்றிய சட்டம், 2022 முதல் விற்காத உடுப்பை அழிப்பதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய சட்டம் பெரிய கம்பனிகளுக்கு அத்தடையை 2026 ஜூலை 19 இலிருந்து விதிக்கிறது. கலிபோர்னியா 2024 செப்ரெம்பரில், புடைவையை மீட்கும் செலவை உற்பத்தியாளர் மீதே சுமத்தும் சட்டத்தை ஏற்றது. இவை புரட்சிகளல்ல, முதலாளித்துவ அரசுகள் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவை. அழிக்கத் தடை, அளவுக்குத் தக்க வரி, தரம்பிரிப்போருக்குத் துணியல்ல, தொழிற்சங்கக் கூலி, எத்தனை உடுப்புத் தருவித்து எத்தனை விற்றார்கள் என்ற பகிரங்கக் கணக்கு ஆகியவற்றைக் கேட்கும் உரிமை நியூயோர்க் தொழிலாளருக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு கட்டுநாயக்கத் தொழிலாளருக்கும் உண்டு. ஒரே துணியின் இரு முனைகளை அவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

நண்பரின் மாணவர் மன்றம் துணி சேகரிப்பதை நான் எதிர்க்கவில்லை. மூடையை அவிழ்க்கும்போது பிள்ளைகள் ஒரு கொப்பியும் வைத்திருக்கட்டும். எந்த நாட்டிற் தைத்தது, எந்தக் கம்பனிக்கு, என்ன இழை, கிழிந்து வந்ததா, ஒருமுறையேனும் உடுத்தாமல் வந்ததா என்று ஒவ்வொன்றையும் எழுதட்டும். வலயத்தில் வேலைசெய்யும் அக்காமார் அநேகமாக ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைக்கும் இருப்பார்கள். மேசையின் கீழே நாளொன்றுக்கு எத்தனை மூடை விழுகிறதென்று அவர்களிடம் கேட்டு அடுத்த பக்கத்தில் எழுதட்டும். தவணை முடிவில் நண்பர் அந்தக் கொப்பியை இச்சஞ்சிகைக்கு அனுப்பிவைத்தால், என்னுடைய கட்டுரைக்கு ஒதுக்கும் பக்கங்களை அதற்கே கொடுக்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்வேன்.